மாசிச் சாக்கில் வெட்டிய முகமூடி

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்த படத்தை நான் பாதியில் நிறுத்தினேன். கறுப்பு உடுப்புப் போட்ட வீரன் ஒருவன், ஒரு திருடனைக் காலில் பிடித்து மாடி விளிம்பில் தலைகீழாகத் தொங்கவிடுகிறான். திருடன் அழுகிறான், கெஞ்சுகிறான், காற்சட்டையோடு சிறுநீர் கழித்துவிடுகிறான். அதைப் பார்த்து நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் நிறுத்தியதும் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் நல்லவர் அப்பா. கெட்ட ஆக்களைத்தானே பயப்படுத்துறார்" என்றாள். "அப்பாக்கு இதெல்லாம் விளங்காது" என்று மகன் சொன்னான். இரவுச் சாப்பாடு வரைக்கும் இரண்டு பேரும் என்னோடு கதைக்கவில்லை.

விளங்காமல் இல்லை, பிள்ளைகளே. எனக்கு அருவருப்பாக இருந்தது. வாயில் போட்ட பிறகு ஊசிப்போன சோறு என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி. அதை வாயால் சொல்ல வெளிக்கிட்டால் எனக்குக் கோபம்தான் வரும், விஷயம் வராது. அதனால்தான் எழுதுகிறேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் அம்மாவிடம் கேட்டுத் திருத்தி வாசியுங்கள்.

இருட்டில் வருகிற வீரர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நானே ஒருவனை உண்டாக்கியிருக்கிறேன்.

நீங்கள் பிறக்க முதல் நானும் அம்மாவும் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். நான் துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க்காக ஓடித் திரிந்தேன். எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் முன்பு ஒளிவிழா நடக்கும். பாட்டு, நடனம், கடைசியில் பிள்ளைகளுக்கு ஒரு நாடகம். எழுத வேறு ஆள் இல்லாதபடியால் நாடகம் எழுதுவது என் தலையில் விழுந்திருந்தது.

அந்த வருஷம் ஊரெல்லாம் மின்வெட்டு. பிள்ளைகள் என்னைக் குழாயடியில் பிடித்துக்கொண்டார்கள். "இடையர்கள் வேணாம் அங்கிள். ஆட்டுக்குட்டியும் வேணாம். முகமூடி போட்ட ஆள் ஒண்டு எழுதுங்க" என்றார்கள். சரி என்று எழுதினேன். துறைமுகக் களஞ்சியத்தின் கூரையில் வசிக்கிற ஒருவன். நீளக் கறுப்புக் கோட்டு, முகத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி. கரண்ட் போனதும் இறங்கி வருவான். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் இருட்டு மாமா.

எழுதும்போது ஒரு தொல்லை வந்தது. இவன் பயங்கரமாக இல்லாவிட்டால் திருடன் ஓடமாட்டான். மிகவும் பயங்கரமாக இருந்தால் திருடனோடு சேர்ந்து பிள்ளையும் ஓடிவிடும். பல இரவுகள் மெழுகுதிரி வெளிச்சத்தில் இதை யோசித்தேன். கடைசியில் எனக்குத் தோன்றியது இதுதான்: திருடனுக்கு முன்னால் அவன் பெட்டி மேல் ஏறி உயரமாக நிற்க வேண்டும், குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். பிள்ளைக்கு முன்னால் அவன் நிலத்தில் இருக்க வேண்டும், கைகள் இரண்டும் தெரியும்படி மடியில் வைத்திருக்க வேண்டும். முகத்துணியைப் பிள்ளைக்கு மட்டும் அவிழ்ப்பான். திருடனை அவன் அடிப்பதில்லை. பறித்த பையை வாங்கிக்கொண்டு, "போ. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு விடுகிறான். அவ்வளவுதான்.

பையைப் பறிகொடுத்த பிள்ளையாக நடிக்க ஒரு சிறுமியைத் தெரிவு செய்தேன். ஏழு வயது இருக்கும். தாயோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கடை ஒன்றுக்கு மேலே ஒரு அறையில் வாடகைக்கு இருந்தது. மறைக்கல்வி வகுப்பில் ஒருவரோடும் கதைக்காது. கேட்டால் கண்ணால் பதில் சொல்லும். அதற்கு ஒரே ஒரு வசனம் கொடுத்தேன். நாடகத்தின் கடைசி வசனம். எல்லாம் முடிந்து இருட்டு மாமா தனியாக நிற்கும்போது அந்தப் பிள்ளை அவனுடைய கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும்: "மாமா, எனக்கு வழி தெரியும். நீங்க என்னோட வாங்கோ."

சொல்லுமா என்று எனக்கே சந்தேகம். ஆனால் தாய் ஒரு நாள் பூசை முடிந்து வந்து சொன்னார்: "அண்ணா, கன நாளா வாய் திறக்காத பிள்ளை, இப்ப சுவரைப் பாத்துச் சொல்லிக்கொண்டிருக்குது. தலையணையிட்டயும் சொல்லுது. ஏழு, எட்டு விதமாச் சொல்லிப் பாக்குது." சொல்லும்போது அவர் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒளிவிழாக் குழுவுக்கு ஒரு தலைவர் இருந்தார். கப்பலில் வருகிற சாமான்களைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கிற தொழில். கை தாராளம், தொண்டை பெரிது. என் நாடகத்தை வாசித்துவிட்டு மேசையில் போட்டார்.

"தம்பி, இவன் வீரனா, ஐஸ்கிரீம் விக்கிறவனா?"

"ஏன் அண்ணன்?"

"திருடனைப் பிடிச்சு, போடா ராசா எண்டு அனுப்பி வைக்கிறான். சனம் காறித் துப்பும். நாலு அடி வேணும். பெல்ட்டால. திருடன் கால்ல விழோணும், சப்பாத்தை நக்கோணும்."

"சின்னப் பிள்ளைகள் பார்க்கிற நாடகம் அண்ணன்."

"அதுகள்தான் கூடக் கேக்கும். நீர் எழுதுறதை மட்டும் எழுதும். ஸ்டேஜை நான் பாத்துக்கொள்றன்."

இருட்டு மாமாவாக நடிக்க அவருடைய மருமகனையே போட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பெடியன். நல்ல உயரம், நல்ல பகிடிக்காரன். திருடனை அடிக்கிற இடத்தை ஒத்திகை பார்த்தார்கள். திருடனாக நடித்த பேக்கரிப் பெடியனுக்கு இரண்டு அடி உண்மையாகவே விழுந்தது. அவன் முதுகைத் தடவிக்கொண்டு துள்ளியதும் மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஒருவர் "இன்னொண்டு, இன்னொண்டு" என்று கை தட்டினார். வீட்டில் பூனைக்குக் கூட அடிக்காத மனுஷன் அவர். நான் வெளியே போய் குழாயில் வாய் கொப்பளித்தேன்.

இதைக் கூட நான் பொறுத்திருப்பேன். அடுத்த ஒத்திகைக்குத் தலைவர் முகமூடி கொண்டு வந்தார். கறுப்புத் துணி இல்லை. புறக்கோட்டையிலிருந்து மாசிக் கருவாடு வந்த சாக்கு. அதைத் தலைக்கு அளவாக வெட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, கழுத்தில் கயிற்றால் கட்டியிருந்தார். மருமகன் அதைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தான்.

மண்டபம் சத்தமில்லாமல் போனது. பெஞ்சில் இருந்த தாய்மார் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒரு அம்மா தன் மகனை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மாசி நாற்றம் கடைசி வரிசை வரைக்கும் வந்தது. அந்தச் சிறுமி மேடையில் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு திரும்பி, ஓடாமல், மெதுவாக நடந்து போய் பியானோவுக்குப் பின்னால் இருந்துவிட்டது. தாய் போய்த் தூக்கிக்கொண்டு போகும்வரைக்கும் எழும்பவில்லை.

உங்களுக்கு இது விளங்காது. விளங்க வைக்கிறேன். யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனையிலும், இப்போது நாங்கள் இருக்கிற வெள்ளவத்தையிலும் சுற்றிவளைப்பு நடக்கும். ஆமியும் பொலிஸும் லொட்ஜுகளிலும் அறைகளிலும் இருக்கிற தமிழ் ஆட்களை ரோட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார்கள். ஜீப்புக்குள் ஒருவன் இருப்பான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் கொண்டுபோவார்கள். அவன் வாய் திறப்பதில்லை. தலையை ஆட்டினால் அந்த ஆளைப் புலி என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அவனுக்குச் சனங்கள் வைத்த பெயர் தலையாட்டி. யார் அவன், ஏன் ஆட்டினான், அடி தாங்காமல் ஆட்டினானா, பகையில் ஆட்டினானா, ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் அந்தத் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்கட லொட்ஜிலயும் வந்தவங்கள் அண்ணா. எல்லாரையும் ரோட்டில நிப்பாட்டினவங்கள். இவர் வரிசையில நிக்கிறார். நாங்கள் பொம்பிளையள் இந்தப் பக்கம். இவருக்கு முறை வரேக்க பிள்ளை 'அப்பா' எண்டு கூப்பிட்டுட்டுது. சும்மா கூப்பிட்டது. பிள்ளைதானே. சாக்குக்காரன் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பாத்தான். பிறகு இவரைப் பாத்தான். பிறகு தலையை ஆட்டினான்."

அம்மா அவருடைய கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்தா.

"அண்டையில இருந்துதான் பிள்ளை கதைக்கிறேல்லை. தான் கூப்பிட்டபடியாத்தான் அப்பாவைக் கொண்டு போனவங்கள் எண்டு நினைக்குது. எத்தினை தரம் சொல்லிப்போட்டன், இல்லையடி, நீ கூப்பிடாட்டியும் கொண்டு போயிருப்பாங்கள் எண்டு. கேக்குதில்லை."

அந்தப் பிள்ளையின் தகப்பன் அப்போதும் தடுப்புக் காவலில்தான் இருந்தார். பிறகு வந்தாரா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் வெள்ளவத்தைக்கு மாறினோம், அவர்கள் ஹெந்தளைப் பக்கம் போனதாகக் கேள்வி, தொடர்பு விட்டுப்போனது. தெரியாததைத் தெரிந்த மாதிரி உங்களுக்கு எழுத மாட்டேன்.

நான் நேரே தலைவரிடம் போனேன். அவருக்குத் தெரியாமல் நடந்திருக்கும், சொன்னால் சாக்கைத் தூக்கி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். முழுக் கதையையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன்.

"எனக்குத் தெரியாதா தம்பி? கொட்டாஞ்சேனையில ஆருக்குத் தெரியாது? அதுக்குத்தானே சாக்கை எடுத்தனான்! ரப்பர் முகமூடி போட்டா சனம் சிரிக்கும். இதைக் கண்டா மூச்சு விடாது. அண்டைக்குப் பாத்தீர்தானே, மண்டபமே கப்சிப்!"

"அந்தப் பிள்ளை, அண்ணன்..."

"பிள்ளை பயந்தா நல்லதுதானே. நடிப்புத் தேவையில்லை. சும்மா நிண்டாலே காணும்."

அவர் கொடூரமான ஆள் இல்லை என்று எழுத வேண்டும், ஏனென்றால் அது உண்மை. மழை வெள்ளத்தில் தோட்டத்துக்கே சமைத்துக் கொடுத்தவர். அதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. ஒரு பிள்ளையின் பயம் அவருக்குச் சும்மா கிடைத்த சாமானாகத் தெரிந்தது. கறுவாத்தூளை எடுத்துத் தூவுவது மாதிரி எடுத்துத் தூவினார்.

பங்குத் தந்தையிடம் போனேன். "இரண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ" என்றார். நாடகத்தையே நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்து, அதைச் சொல்ல அந்தத் தாயின் அறைக்குப் போனேன். அவர் கதவடியில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நிப்பாட்ட வேண்டாம் அண்ணா. நிப்பாட்டினா அதுவும் தன்னாலதான் எண்டு நினைக்கும். பிள்ளை போகோணும் எண்டுதான் நிக்குது. ராத்திரியும் சுவருக்குச் சொல்லிச்சுது."

"சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் என்ன செய்யும்?"

"தெரியேல்லை" என்றார்.

கடைசியாக மருமகனைத் துறைமுக வாசலில் பிடித்தேன். கதையைச் சொன்னதும் அவனுடைய பகிடி எல்லாம் நின்றுவிட்டது. "மாமாவை எதுத்து நான் எப்பிடி அண்ணன் செய்யிறது? அவர்தான் எனக்கு இந்த வேலையே எடுத்துத் தந்தவர்" என்றான். சப்பாத்தால் தார் ரோட்டைத் தட்டினான். "அந்தப் பிள்ளைக்கு என்ன வசனம்?" என்று கேட்டான். சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஒளிவிழா அன்று மண்டபம் நிறைந்து, ஜன்னல்களிலும் ஆட்கள். நான் திரைக்குப் பக்கத்தில் வசனம் எடுத்துக் கொடுக்க நின்றேன். மண்டபத்து லைட்டை அணைத்தார்கள். சாக்குத் தலையோடு அவன் பெட்டி மேல் ஏறினான். முன்னால் பாயில் இருந்த சின்னப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வீரிட்டு அழுதார்கள். பின்னால் நின்ற பெரிய ஆட்கள் விசில் அடித்தார்கள். அழுகை கேட்கக் கேட்க விசில் கூடியது. பிறகு அடி. பெல்ட் ஒவ்வொரு முறை விழும்போதும் சனம் எண்ணியது. திருடன் சப்பாத்தில் நாக்கை வைத்ததும் மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. அந்த இரவு விழுந்த கைதட்டலில் அதுதான் பெரியது. யேசு பாலன் பிறந்ததற்குக் கூட அவ்வளவு இல்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தை எழுதும்போதுதான் நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் வருகிறது. கெட்டவனைத்தானே என்று கேட்டீர்கள். கெட்டவன் அழுவதை ருசி பார்க்கத் தொடங்கினால், பிறகு அழுகிறவன் யார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. பாயில் இருந்து அழுத குஞ்சுகளுக்கும் அன்றைக்கு அதே விசில்தான்.

திருடன் ஓடியதும் சாக்குத் தலை பிள்ளையின் பக்கம் திரும்பியது. பிள்ளைக்கு வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கைகள் இரண்டும் சட்டையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. நான் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன், "மாமா, எனக்கு வழி..." பிள்ளைக்குக் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "தூக்குடா தம்பி, தூக்கிக் கொண்டு போ!" என்று கத்தினான். சிரிப்பு.

அவன் தூக்கவில்லை. பெட்டியிலிருந்து இறங்கினான். பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கொட்டி இருந்தான். பெல்ட்டைத் தூர எறிந்துவிட்டு, கைகளை மடியில் விரித்து வைத்தான். நான் எழுதியதும் அதுதான். ஆனால் நான் எழுதாத ஒன்றை அந்தப் பிள்ளை கேட்டது. மேலே தொங்கிய மைக் அதைப் பிடித்து மண்டபம் முழுக்கச் சொன்னது.

"நீங்க தலையாட்டுவீங்களோ?"

முன் வரிசையில் இருந்த தாய்மாரின் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது.

"ஆட்டமாட்டன்" என்றான் அவன்.

இல்லை என்று சொல்லும்போது எங்களுக்கெல்லாம் தலை தன்பாட்டில் ஆடும். நீங்கள் செய்து பாருங்கள், ஆட்டாமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று. அவன் சொன்னான், சாக்கு அசையவில்லை. தண்ணீர்க் குடம் வைத்த தலை மாதிரி அப்படியே இருந்தது. பிறகு கயிற்றை அவிழ்த்து, இரண்டு கையாலும் சாக்கை நேராக மேலே இழுத்து எடுத்தான். முகமெல்லாம் வியர்வை. மயிரில் மாசித் துகள். கண் எரிந்து சிவந்திருந்தது. தும்மல் வந்ததை மூக்கைப் பிடித்து அடக்கினான். தும்மினால் தலை ஆடும்.

பிள்ளை கிட்ட வந்து அந்த முகத்தைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. பிறகு கையைப் பிடித்தது. "மாமா, எனக்கு வழி தெரியும்" என்றது. மைக் தேவையில்லாத சத்தம். "நீங்க என்னோட வாங்கோ!"

அவன் எழும்பி நடந்தான். கழுத்தை ஒரு பக்கமும் திருப்பாமல், மரம் நடக்கிற மாதிரி நடந்தான். சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கழுத்துப் பிடிச்சிட்டுதாடா?" என்று ஒருவன் கேட்டான். "முகத்தைக் காட்டிக் கெடுத்திட்டான்" என்றான் இன்னொருவன். திரையை இழுத்தார்கள்.

மேடைக்குப் பின்னால் ஆட்கள் வந்து தலைவருக்குக் கை கொடுத்தார்கள். "சாக்கு நல்ல ஐடியா." "அந்த அடி இருக்கே, அடி!" அவருக்கு மருமகனில் கோபம், ஆனால் பாராட்டில் அது கொஞ்சம் இறங்கியிருந்தது. பாட்டிஸ் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மென்றபடியே கேட்டார்.

"முடிவைப் பாழாக்கிட்டாய். பரவாயில்லை. வாற வருஷமும் இதே சாக்குத்தான், என்ன?"

அந்தப் பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலடியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் முழுதாக நம்பிக்கை வரவில்லை போல. அவன் அதைக் கண்டான். மயிரில் மாசித் துகளோடு, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, தலையை ஒரு நூல் அசைக்காமல் சொன்னான்.

"இல்லை மாமா."